நீரால் குளிரும் கணினிக்குப் பெட்டி தேர்ந்தெடுப்பது எப்படி?



நமது தோட்டப் பிள்ளைகள் இன்று எஸ்.பி.எம். தேர்வோடு நின்றுவிடுவதில்லை. பாலிடெக்னிக், மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகம் என்று மேலே போகிறார்கள். அவர்களில் சிலர் பொறியியல் வரைபடம், அசைபடம், காணொளித் தொகுப்பு போன்ற துறைகளை எடுத்துப் படிக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் வலுவான கணினி தேவைப்படுகிறது. "அப்பா, உதிரிப் பாகங்களை வாங்கி நானே பொருத்திக்கொள்கிறேன், தண்ணீரில் குளிரும் முறை வைத்தால் நன்றாக இருக்கும்" என்று பிள்ளை சொல்லும்போது, கொழுந்து பறித்து வீடு திரும்பிய பெற்றோருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை.

2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. வலுவான கணினி ஒன்றின் விலையோ இதனைவிடக் கூடுதல். ஆகவே வாங்கும் பொருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமற் போனால், அந்த நட்டம் குடும்பத்தின் ஒரு மாத உழைப்பையே விழுங்கிவிடும். பெரும்பாலும் இந்தப் பொருத்தக்கேடு தோன்றும் இடம், கடைக்காரர்கள் 'கேசிங்' என்று சொல்கிற பெட்டிதான். எல்லாரும் அழகு பார்த்து வாங்குவதும், அளவு பார்க்க மறந்துவிடுவதும் அந்தப் பெட்டியைத்தான். எனவே நீரால் குளிரும் கணினிக்குப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இன்று ஆராய்வோம்.

கணினிக்கு ஏன் சூடு வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். கணினியின் மூளை போன்ற பகுதியைச் செயலி என்கிறோம். அதனுள் மின்சாரம் ஓடும்போது, செலவாகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன; அது செலவிட்டது சுமார் 1 வாட் மின்சாரந்தான். அடுத்த ஆண்டு, அதாவது 1972இல், அதே நிறுவனம் நமது பினாங்கு மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் உற்பத்திக்கூடம் அதுவே. ஐம்பது ஆண்டுகள் சென்றபின், 2022இல் வந்த அதன் உயர்தரச் செயலிகளுள் ஒன்று முழு வேகத்தில் 253 வாட் வரை செலவிடுகிறது. அந்நாளில் நம் வீடுகளில் எரிந்த 100 வாட் குமிழ் விளக்கைத் தொட்டால் கை சுட்டுவிடும் அல்லவா? அத்தகைய இரண்டரை விளக்குகளின் வெப்பம், தபால்தலை அளவுள்ள ஓர் இடத்தில் பிறப்பதாக எண்ணிப் பாருங்கள்.

இந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் செயலியின் சூடு 95 அல்லது 100 டிகிரி செல்சியசை எட்டிவிடும். அப்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காமற் போகும். சில சமயம் கணினி திடீரென்று அணைந்தும் விடும்.

இனி நீரின் வேலையைக் கவனிப்போம். செயலியின்மேல் ஓர் உலோகக் கட்டியைப் பதிக்கிறார்கள். அதனுள்ளே நீர் ஓடுகிறது. நீரை ஓட்ட ஒரு சிறிய பம்பு உண்டு. சூடேறிய நீர், குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய தகடுகளுக்கிடையே காற்றாடிகள் காற்றைச் செலுத்துகின்றன. வெப்பம் காற்றோடு போய்விட, ஆறிய நீர் மீண்டும் செயலிக்குத் திரும்புகிறது. நமது தோட்டத்து லாரியின் இஞ்சினிலும் நடப்பது இதுவேதான்.

ஒரு கணக்குப் போட்டால் நீரின் ஆற்றல் விளங்கும். நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 250 வாட் வெப்பத்தை ஏற்றுக்கொண்டால் அந்த நீரின் சூடு 4 டிகிரிகூட உயராது. அதே வெப்பத்தைக் காற்றில் ஏற்றினால், நிமிடத்திற்கு 1,000 லிட்டர் காற்று ஓடினாலும் அதன் சூடு 12 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். வெப்பத்தைச் சுமப்பதில் நீர் அவ்வளவு வல்லது.

ஆனால் நேயர்களே, இங்கேதான் ஒன்றை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நீர் வெப்பத்தைச் சுமக்கிறதே தவிர, அழிப்பதில்லை. கூடையில் சேர்ந்த கொழுந்தை நிறுவைக் களத்தில் இறக்கியாக வேண்டும். இறக்காமல் மீண்டும் மலையேறினால் கூடையில் இடம் ஏது? நீர் தன் சுமையை இறக்கும் களம் ரேடியேட்டர். ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். காற்றை உள்ளே விடுவதும் வெளியே அனுப்புவதும் பெட்டியின் வேலை. ஆகவே பெட்டி தவறானால், எவ்வளவு விலையுயர்ந்த நீர்க்குளிர்ச்சிக் கருவியும் பயன் தராது.

பெட்டியில் பார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ரேடியேட்டரின் அளவு. கடைகளில் 240, 280, 360 என்று எண்கள் சொல்வார்கள். இவை மில்லிமீட்டர் கணக்கு. 120 மி.மீ. காற்றாடி இரண்டு பொருந்துவது 240, மூன்று பொருந்துவது 360, 140 மி.மீ. காற்றாடி இரண்டு பொருந்துவது 280. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 240க்கு 288 சதுர சென்டிமீட்டரும், 280க்கு 392ம், 360க்கு 432ம் கிடைக்கும். பரப்பு மிகுந்தால், அதே வெப்பத்தைக் காற்றாடிகள் மெதுவாகச் சுழன்றே அகற்றிவிடும், ஓசையும் குறையும்.

இந்த எண்களே ரேடியேட்டரின் முழு நீளம் என்று எண்ணிவிடக் கூடாது. இரு முனைகளிலும் நீர் தங்கும் அறைகள் இருப்பதால், 240 எனப்படும் ரேடியேட்டர் உண்மையில் 275 மி.மீ. அளவு நீளம் இருக்கும். 360 எனப்படுவது 395 மி.மீ.ஐ ஒட்டி இருக்கும். பெட்டியின் உள்ளே அளவுநாடாவை வைத்துப் பார்க்க வேண்டியது இந்த நீளத்தைத்தான். இன்னொன்று: 280 ரேடியேட்டரின் திருகுத் துளைகள் 140 மி.மீ. காற்றாடிக்கு உரியவை. 240க்கும் 360க்கும் இடமுள்ள பெட்டியில் 280க்கு இடமில்லாமற் போகலாம்.

இரண்டாவது, கனம். சாதாரண ரேடியேட்டர் சுமார் 27 மி.மீ. கனமுடையது. அதன்மேல் பொருத்தும் காற்றாடி 25 மி.மீ. ஆக மொத்தம் 52 மி.மீ. இதனைப் பெட்டியின் கூரையில் பொருத்தினால், கீழே தாய்ப்பலகையின் மேல்விளிம்பிலுள்ள பாகங்களும் நினைவக அட்டைகளும் இடிக்கக்கூடும். வண்ண விளக்குகள் வைத்த நினைவக அட்டைகள் உயரமானவை. அவையே பெரும்பாலும் இடைஞ்சல் தருகின்றன. பெட்டியின் முன்புறத்தில் பொருத்தினால், வரைகலை அட்டைக்கு உள்ள நீளத்தில் அந்த 52 மி.மீ. குறைந்துவிடும். அட்டையின் நீளம் 330 மி.மீ., பெட்டி அனுமதிப்பது 360 மி.மீ. என்று கொள்வோம். மிச்சமிருப்பது 30 மி.மீ. அங்கே 52 எப்படி அடங்கும்? இந்தக் கழித்தல் கணக்கை நாலாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். ஆனால் அதனைப் பணம் கட்டுவதற்கு முன்னே போட வேண்டும்.

மூன்றாவது, எங்கே பொருத்துவது என்ற கேள்வி. கூரையில் பொருத்தினால் வெப்பம் மேல்வழியாக வெளியேறிவிடும். முன்புறத்தில் பொருத்தினால் அறையின் குளிர்ந்த காற்று நேரே ரேடியேட்டருக்குக் கிடைக்கும். ஆனால் அங்கே சூடேறிய காற்று பெட்டிக்குள் வரும். இரண்டிலும் நன்மை உண்டு. வரைகலை அட்டையும் வலுவானதாக இருந்தால் கூரையே ஏற்றது என்பது பொதுவான கருத்து. ஏனெனில் செயலிக்கு மட்டும் நீர் வைத்தால், வரைகலை அட்டையின் வெப்பம் அப்போதும் பெட்டிக்குள்ளேதான் கொட்டுகிறது. அதற்குத் தனியாகக் குளிர்ந்த காற்று முன்புறத்திலிருந்து வர வேண்டும்.

எங்கே பொருத்தினாலும் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய்க்குள் சிறிதளவு காற்றுக் குமிழிகள் எப்போதும் இருக்கும். காற்று மேலே ஏறும் இயல்புடையது. ரேடியேட்டர் உயரத்தில் இருந்தால் குமிழிகள் அங்கே போய்த் தங்கிவிடும். பம்பே உயரமான இடத்தில் இருந்தால் குமிழிகள் அதனுள் சேரும். பம்பு கரகரவென்று ஒலிக்கும். விரைவில் தேய்ந்தும் போகும். ரேடியேட்டரைப் பெட்டியின் அடித்தளத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நான்காவது, காற்று வழி. முன்புறம் முழுவதும் கண்ணாடி பதித்த பெட்டிகள் கடையில் பளபளவென்று நிற்கும். லாரியின் முன்னுள்ள கம்பி வலையை அட்டையால் மூடிவிட்டுத் தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு மலையேறினால் என்ன ஆகும்? இஞ்சின் கொதித்துவிடும். தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்திருக்கிறோம். கீழிருந்து காற்றாடி காற்றைத் தள்ளினாலும், கொழுந்தை மிகக் கனமாகப் பரப்பிவிட்டால் காற்று ஏறாது, மேற்கொழுந்து வாடாது. கணினிப் பெட்டிக்கும் இதே விதிதான். முன்புறமோ பக்கவாட்டோ, காற்று நுழையும் முகம் வலைத் தகடாக இருப்பது நல்லது. கண்ணாடி வேண்டுமானால் காற்று நுழையாத பக்கத்தில் இருக்கட்டும்.

வலையின் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் சாம்பிராணிப் புகையும் அடுப்புப் புகையும் உண்டு. புகையின் பிசுக்கோடு தூசி சேர்ந்தால் ரேடியேட்டரின் தகடுகளில் கம்பளி போல் படிந்துவிடும். மாதத்திற்கு ஒரு முறை வடிகட்டியைக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்ட வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் திறந்து கிடக்கும் பட்டைத் துளைகளை மூடியிட்டு அடைப்பதும் அவசியம். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பான இடத்தைத் தேடி வரும்.

ஐந்தாவது, தாய்ப்பலகையின் அளவு. ஏ.டி.எக்ஸ். என்ற வகை 305க்கு 244 மி.மீ.; மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244, மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170. சிறிய பெட்டி மலிவாகவோ கைக்கடக்கமாகவோ தோன்றலாம். ஆனால் நீர்க்குளிர்ச்சிக்குக் குழாய் வளைய இடம் வேண்டும். கை நுழைய இடம் வேண்டும். முதன்முறை பொருத்துகிறவர்களுக்கு நடுத்தரப் பெட்டியே வசதியானது.

நீர்க்குளிர்ச்சியில் இரு வகை உண்டு. ஒன்று, பம்பு, குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஆலையிலேயே இணைக்கப்பட்டு, திரவமும் நிரப்பி மூடப்பட்டு வருவது. மற்றது, தனித்தனியே வாங்கி நாமே இணைப்பது. இரண்டாவது வகைக்குப் பெட்டியில் நீர்த்தொட்டிக்கும் பம்புக்கும் இடம் வேண்டும். நிரப்பும் வாயும், தாழ்வான இடத்தில் வடிக்கும் வாயும் வைக்க வசதி வேண்டும். இணைத்தபின் மற்றப் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டி, இணைப்புகளின் கீழே வெள்ளைத் தாளை வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மலையிலிருந்து வரும் நீர் உதவாது. குடிப்பதற்கு அது இனிக்கும். ஆனால் அதில் கரைந்துள்ள தாதுக்களும் கண்ணுக்குத் தெரியாத பாசியும் குறுகிய நீர்வழிகளை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும், அதற்குரிய பாதுகாப்புக் கலவையுமே ஊற்ற வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே நீர்ச்சுற்றில் கலந்து வரக் கூடாது. இரு உலோகங்களும் நீரும் சேர்ந்தால் மின்கலம் போலாகி, அலுமினியம் அரித்துப் போகும். செலவும் உழைப்பும் மிகுந்த இந்த வகை, படிப்புக்குக் கணினி வாங்கும் மாணவருக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

இனி நமது மலைக்கே உரிய சில செய்திகளைச் சொல்ல வேண்டும். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈப்போவில் பகல் வெப்பம் 33 டிகிரியாக இருக்கும்போது நமக்கு இங்கே 23 டிகிரி இருக்கலாம். அறையின் சூடு 10 டிகிரி குறைந்தால், அதே வேலையைச் செய்யும் செயலியின் சூடும் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அது சுமக்கும் வெப்பம் எட்டில் ஒரு பங்கு குறையுமென்பதும் உண்மையே. ஆனாலும் குளிரால் கிடைக்கும் லாபமே பெரிது. ஆகவே போ, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களில் இருந்து பயன்படுத்தும் நடுத்தரக் கணினிக்குச் சாதாரணக் காற்றாடிக் குளிர்ச்சியே பெரும்பாலும் போதும். 65 வாட் செயலிக்கு நீர்க்குளிர்ச்சி வாங்குவது, ஒரு கூடைக் கொழுந்துக்கு லாரி பிடிப்பதைப் போன்றது. பிள்ளையின் படிப்புக்கு உயர்தரச் செயலி உண்மையிலேயே வேண்டுமா என்று விரிவுரையாளரிடம் கேட்டபின் முடிவு செய்யலாம்.

"இங்கே பனி மூட்டம் மிகுதி, நீர்க்குளிர்ச்சி வைத்தால் குழாயில் நீர் வேர்க்காதா?" என்று சிலர் கேட்பதுண்டு. வேர்க்காது. ஒரு பொருளின்மேல் நீர் வேர்க்க வேண்டுமானால் அது சுற்றிலுமுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். ரேடியேட்டர் அறைக் காற்றைக் கொண்டுதான் நீரை ஆற்றுகிறது. எனவே அந்த நீர் ஒருபோதும் அறையைவிடக் குளிர்ந்து போவதில்லை.

வேர்க்கும் ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது. விடுமுறை முடிந்து, பிள்ளை தன் கணினியை விடியற்காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்குகிறது. பெட்டியின் இரும்பு மலைக்குளிரில் 17 டிகிரியில் இருக்கும். கீழேயுள்ள காற்று வெப்பமும் ஈரமும் நிறைந்தது. குளிர்ந்த சோடா போத்தலை வெளியே வைத்ததுபோல், பெட்டியின் உள்ளும் புறமும் நீர் வேர்க்கும். அந்நிலையில் மின்சாரம் கொடுத்தால் பாகங்கள் கெட்டுப்போகலாம். ஆகவே விடுதியை அடைந்தவுடன் கணினியை முடுக்காமல், மூன்று நான்கு மணி நேரம் அறையில் விட்டுவைத்து, பெட்டி அறையின் சூட்டுக்கு வந்தபின் முடுக்க வேண்டும். மலைப்பாதையின் வளைவுகளையும் மறக்கக் கூடாது. கண்ணாடிப் பெட்டியைப் படுக்கவைத்து, போர்வையால் சுற்றி எடுத்துச் செல்வதும், கனமான வரைகலை அட்டையைக் கழற்றித் தனியே வைப்பதும் நல்லது. அடிக்கடி எடுத்துச் செல்ல நேருமானால், கண்ணாடி குறைந்த பெட்டியையே தேர்ந்தெடுங்கள்.

நீரால் கணினியைக் குளிர்விப்பது புதுமையன்று. 1980இல் ஐ.பி.எம். அறிவித்த 3081 என்ற பெருங்கணினி நீரால் குளிர்ந்தது. 1985இல் வந்த கிரே-2 என்ற கணினி, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே மூழ்கி வேலை செய்தது. 2022இல் உலகின் மிக வேகமான கணினி என்று பெயர் பெற்ற அமெரிக்காவின் ஃபிரன்டியரும் நீரால் குளிர்வதுதான். இவை அனைத்திலும் முதலில் வெப்பம் போகும் வழியைத் திட்டமிட்டார்கள். பிறகே கூட்டை அமைத்தார்கள். நாமும் அந்த வரிசையையே பின்பற்றுவோம்.

ஈப்போ கடைக்கோ கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்கோ போகும் முன், ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செயலி எத்தனை வாட்? அதற்கு எந்த ரேடியேட்டர்? அந்த ரேடியேட்டரும் காற்றாடியும் சேர்ந்த நீளமும் கனமும் பெட்டியின் எந்தப் பக்கத்தில் அடங்கும்? வரைகலை அட்டைக்கு மிஞ்சும் நீளம் எவ்வளவு? காற்று நுழையும் முகம் வலையா, கண்ணாடியா? கடைக்காரரிடம் எந்த மொழியில் பேசினாலும் மில்லிமீட்டர் ஒன்றுதான். "பொருந்தும்" என்ற வாய்ச்சொல்லோடு திருப்தி அடையாமல், பெட்டியின் விவரத்தாளில் அந்த எண்ணைக் காட்டும்படி கேளுங்கள். உத்தரவாதச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோருக்குக் கணினியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அளக்கத் தெரியும், கழிக்கத் தெரியும், காற்றில்லாத இடத்தில் கொழுந்து வாடாது என்பதும் தெரியும். பிள்ளையோடு உட்கார்ந்து அந்தத் தாளை நிரப்பும்போது இந்த அறிவே துணை நிற்கும். பாடுபட்டுச் சேர்த்த பணம் பளபளப்புக்குப் போகாமல் படிப்புக்குப் பயன்படட்டும்.